வீட்டுல யாருக்காவது வேலை இருக்கா?

போன மாசம் ஒரு மத்தியானம். கழனியில களை எடுத்துட்டு வீட்டுக்கு வந்தேன். திண்ணையில ஒரு பொண்ணு கையில டேப்லெட்டோட உட்கார்ந்திருந்தது. ஏதோ கணக்கெடுப்பாம். பேரு, வயசு, படிப்பு எல்லாம் கேட்டு முடிச்சுட்டு, "வீட்டுல யாருக்காவது வேலை இருக்காம்மா?"ன்னு என் சம்சாரத்தைக் கேட்டுச்சு. அவ கொஞ்சமும் யோசிக்கல. "இல்லம்மா, இப்ப யாருக்கும் இல்ல"ன்னுட்டா.

நான் சேத்துக் காலோட படியில நிக்கிறேன். சொல்றவ காலையில நாலரை மணிக்கு எழுந்து ரெண்டு மாட்டுல பால் கறந்து ஊத்திட்டு வந்தவ. எங்க அம்மா, எழுபத்தஞ்சு வயசு, மூலையில உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கிட்டு இருக்காங்க. பெரியவன் உள்ள படுத்திருக்கான். அவன் போன ஒரு கம்பெனியில காண்டிராக்ட் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. அந்தப் பொண்ணு என் காலைப் பார்த்துச்சு. "அய்யா என்ன பண்றாரு?"ன்னு கேட்டுச்சு. "அவரு கழனிக்குப் போவாரு, வேற இன்னா"ன்னா இவ.

சிரிப்பு வந்தது. அப்புறம் ராத்திரி தூக்கம் வரல. நாலு பேரும் பெரியவங்க. மூணு பேரு விடிஞ்சதுல இருந்து உழைக்கிறோம். ஆனா "யாருக்கும் வேலை இல்ல"ன்ற பதில் பொய்யும் இல்ல. எங்க வல்லக்கோட்டைப் பக்கம் இப்ப வேலைன்னா கம்பெனி வேலை. அடையாள அட்டை, யூனிபார்ம், ஷிப்ட், மாசம் பொறந்தா பேங்குல சம்பளம். மத்ததெல்லாம் "சும்மா இருக்கிறது". இந்த அர்த்தம் எப்போ வந்துச்சுன்னு யோசிச்சப்ப தோணினதை எழுதறேன்.

நம்ம முருகன் கோயிலுக்கு வந்தவங்களுக்கு ஊரு தெரிஞ்சிருக்கும். ஒரு பக்கம் ஒரகடம், இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர். 1997 வரைக்கும் நாங்க செங்கல்பட்டு மாவட்டம், அப்புறம் காஞ்சிபுரம். ஏரி மாவட்டம்னு பேரு. இந்தச் செங்கல்பட்டுச் சீமைக்கு ஒரு விசேஷம் உண்டு. 1767-ல இருந்து 1774 வரைக்கும் தாமஸ் பர்னார்டுன்னு ஒரு வெள்ளைக்காரர் இங்க ஏறக்குறைய 2000 கிராமத்தை ஒண்ணு ஒண்ணா கணக்கெடுத்தார். எத்தனை ஏரி, எத்தனை நிலம், எத்தனை வீடு, எந்த வீட்டுக்காரர் என்ன தொழில்னு எழுதினாங்க. ஊர்க் கணக்குப்பிள்ளைங்க எழுதின ஓலைச்சுவடியும் கொஞ்சம் தப்பிச்சு, தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துல இருக்கு. இந்தக் கணக்கெல்லாம் வெளியே தெரியறதுக்கு முக்கியக் காரணம் தரம்பால்னு ஒரு வரலாற்று ஆய்வாளர்.

அந்தக் கணக்குல ஒரு வார்த்தை வருது: சுதந்திரம். அறுவடை முடிஞ்சு களத்துல நெல் குவிச்சதும், வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே பங்கு பிரிப்பாங்க. கோயிலுக்கு இவ்வளவு, ஏரி மராமத்துக்கு இவ்வளவு, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், குயவர், தலையாரி, வெட்டியான், கணக்குப்பிள்ளை எல்லாருக்கும் இவ்வளவுன்னு. அந்தப் பங்குக்குத்தான் சுதந்திரம்னு பேரு, மேரைன்னும் சொல்வாங்க. சில பேருக்கு மானிய நிலமும் உண்டு. அப்போ ஒரு வீட்டுக்குப் போய் "உங்க வீட்டுல யாருக்காவது வேலை இருக்கா"ன்னு கேட்டா கேள்வியே புரிஞ்சிருக்காது. வீட்டுக்குத்தான் வேலை, ஆளுக்கு இல்ல. புருஷன் படுத்துட்டா பையன் போவான், பொண்டாட்டி போவா. பங்கு வீட்டுக்கு வரும்.

இதைக் கேட்டு "அடடா, அந்தக் காலம் பொற்காலம்"னு பட்டணத்துல இருக்கிற நீங்க நினைச்சிடக் கூடாது. அதே சீமைக்கு நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு டிரெமென்ஹீர்னு ஒரு கலெக்டர் வந்தார். 1891-ல அவர் எழுதின அறிக்கைதான் பஞ்சமி நிலத்துக்கு வழி செஞ்சது. மறு வருஷம், 1892-ல அரசாணை வந்தது. அந்த அறிக்கை சொல்றது களத்து மேட்டோட மறுபக்கம். மிராசுதாரர் கிட்ட படியாளா இருந்த சேரிக் குடும்பங்களுக்கு வேலை இல்லாத நாளே இல்ல. ஆனா நிலம் கிடையாது, குடியிருக்கிற மனை கூட சொந்தம் கிடையாது. கல்யாணத்துக்கு வாங்கின சின்னக் கடனுக்கு ஆயுசு முழுக்கக் கட்டுப்பட்டுக் கிடக்கணும். விட்டுப் போக முடியாத வேலை அது. வேலை இல்லாத வீடு எவ்வளவு கஷ்டமோ, அதே அளவுக்கு அந்த வேலையும் கஷ்டம். வேலைன்னு ஒரு வார்த்தையில ரெண்டையும் அடக்கிட முடியாது.

என் சின்ன வயசுக்கு வர்றேன். எழுபதுகள், எண்பதுகள். எங்க பக்கம் மூணு போகம் சொல்வாங்க: சொர்ணவாரி, சம்பா, நவரை. ஏரி ரொம்பி கலங்கல் போன வருஷம் ரெண்டு போகம் நிச்சயம். கிணறு இருந்தா மூணாவது. அப்போ வேலை இல்லாத வீடுன்னு தனியா கிடையாது, வேலை இல்லாத மாசம்தான் உண்டு. ஏரி காஞ்சிருச்சுன்னா ஊரே சும்மா இருக்கும். நடவு வந்தா ஊருல ஆள் கிடைக்காது. பசியும் எல்லா வீட்டுக்கும் சேர்ந்து வரும் (எல்லா வீட்டுக்கும் ஒரே அளவுல இல்ல, அதையும் சொல்லணும்), வேலையும் சேர்ந்து வரும்.

அப்புறம் கம்பெனிங்க வந்தது. இருங்காட்டுக்கோட்டையில 1996-ல ஹூண்டாய்க்கு அடிக்கல் போட்டாங்க, 1998-ல சான்ட்ரோ கார் வெளிய வந்துச்சு. 2005-ல நோக்கியா ஒப்பந்தம், 2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல போன் செய்ய ஆரம்பிச்சாங்க. 2010-ல ஒரகடத்துல ரெனோ நிசான், அதே பக்கம் அப்போலோ டயர், 2012-ல டெய்ம்லர் லாரி, 2013-ல ராயல் என்ஃபீல்டு. 2015-ல வல்லம் வடகால்ல யமஹா. இருபது வருஷத்துக்குள்ள கடலை போட்ட மேட்டு நிலமெல்லாம் காம்பவுண்டு சுவரா ஆயிடுச்சு.

நிலம் எடுத்த விதத்துலதான் வீட்டுக்கு வீடு வித்தியாசம் ஆரம்பிச்சுது. சிப்காட்டுக்காக நிலம் எடுக்க மாநிலத்துக்குன்னு தனிச் சட்டமே இருக்கு, 1997-ல போட்டது. இழப்பீடு பட்டாக்காரருக்கு. பட்டாவுல பேரு இருந்தவர் பணம் வாங்கினார். அந்த நிலத்துல நாத்து நட்ட பொம்பளை, அண்டை வெட்டின ஆளு, அங்க ஆடு மேய்ச்சவர், இவங்க பேரு எந்தக் காகிதத்துலயும் இல்ல. நிலம் போன அன்னிக்கு அவங்க வேலையும் போச்சு, ஆனா போனதா எங்கேயும் பதிவு இல்ல.

இது தப்புன்னு பிற்பாடு டெல்லியிலயே ஒத்துக்கிட்டாங்க. 2013-ல வந்த மத்திய நிலம் எடுப்புச் சட்டத்துல, நிலம் இல்லாட்டியும் மூணு வருஷமா அந்த நிலத்தை நம்பிப் பிழைச்ச விவசாயக் கூலியும் குத்தகைக்காரரும் "பாதிக்கப்பட்ட குடும்பம்"தான்னு எழுதினாங்க. திட்டத்தால வேலை உருவானா குடும்பத்துக்கு ஒருத்தருக்கு வேலை, இல்ல 5 லட்சம் ரூபாய் ஒரே தடவை, இல்ல மாசம் 2000 ரூபாய் வீதம் 20 வருஷம், இதுல ஒண்ணு. ஆளை விட்டுட்டு, குடும்பத்துக்கு வேலைன்னு மறுபடியும் எழுதின சட்டம் அது. ஆனா எங்க பக்கத்துல நிறைய நிலம் அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. மாநிலச் சட்டம் தொடருமாங்கிற வழக்கு 2019-ல சென்னை உயர் நீதிமன்றத்துல ஒரு மாதிரி முடிஞ்சு, புதுசா ஒரு சட்டம் போட்டு, 2021-ல உச்ச நீதிமன்றத்துல வேற மாதிரி முடிஞ்சது. மாநிலச் சட்டம் நின்னுடுச்சு.

இப்போ எங்க சுத்துப்பட்டு ஊருங்கள்ல "யாருக்கும் வேலை இல்லாத வீடு"ன்னு எடுத்தா மூணு விதம் இருக்கு.

முதல் விதம், லைன் வீடு கட்டினவங்க. நிலம் வித்த பணத்துல பத்து ரூம், இருபது ரூம். ஒவ்வொரு ரூம்லயும் நாலு பசங்க. வீட்டுக்காரர் தாடி வளர்த்துக்கிட்டு நாற்காலியில உட்கார்ந்திருப்பார். கணக்குப்படி அவர் வீட்டுல யாருக்கும் வேலை இல்ல.

ரெண்டாவது, பணம் வாங்கி, கார் வாங்கி, கல்யாணம் பண்ணி, மிச்சத்தைச் சீட்டுல விட்டவங்க. பணமும் இல்ல, நிலமும் இல்ல. பையனுக்கு முப்பது தாண்டிடுச்சுன்னா கம்பெனி கேட்டுல நிக்க முடியாது. ஆள் எடுக்கிறவங்களுக்கு பதினெட்டுல இருந்து இருபத்தஞ்சு வயசு வேணும்.

மூணாவது, பேரு காகிதத்துல இல்லாதவங்க. வயசானவங்க. நூறு நாள் வேலையும் ரேஷன் அரிசியும்தான். நூறு நாள் வேலைச் சட்டம் 2005-ல வந்தது. 2006 பிப்ரவரியில தமிழ்நாட்டுல முதல்ல கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆறு மாவட்டம். எங்களுக்கு 2008-லதான். அந்தச் சட்டத்துல அட்டை குடும்பத்துக்கு ஒண்ணு, நூறு நாளும் குடும்பத்துக்குச் சேர்த்துதான்னு இருந்தது.

வெளியில இருந்து பார்த்தா மூணுமே ஒரே கட்டத்துல டிக் அடிக்கிற வீடு. உள்ள போய்ப் பார்த்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கிடையாது.

2014 வருஷத்தைச் சொல்லணும். நோக்கியா நல்லா ஓடினப்ப நேரடியா மட்டும் 8000 பேர் வரைக்கும் வேலை பார்த்தாங்க, பெரும்பாலும் இளம்பெண்கள். வரி வழக்கு வந்துச்சு. கம்பெனியோட போன் வியாபாரத்தை மைக்ரோசாப்ட் வாங்கினப்ப, வழக்குல மாட்டின ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையை மட்டும் விட்டுட்டாங்க. விருப்ப ஓய்வுன்னு ஆளுங்களை அனுப்பினாங்க. 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தி நின்னுச்சு. அதை நம்பி இருந்த ஃபாக்ஸ்கானும் அந்த நேரத்துலயே மூடினாங்க.

எங்க ஊரு மக்கள் அப்போ என்ன பார்த்தோம்? பூட்டைப் பார்த்தோம். லைன் வீட்டுக் கதவுல பூட்டு. கம்பெனி வேன் வந்த ரோட்டுல வேன் இல்ல. டீக்கடையில பால் மிச்சம். அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு, ஆனா தெருவுல ஒருத்தரும் சும்மா உட்கார்ந்திருக்கிறதை நான் பார்க்கல. ஏன்னா, அந்தப் பிள்ளைங்க பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறி திருவண்ணாமலைக்கும் விழுப்புரத்துக்கும் வேலூருக்கும் இன்னும் தெற்கேயும் போயிட்டாங்க. கம்பெனி மூடினது எங்க ஊருல. வேலை இல்லாத வீடு ஆனது எங்கேயோ செஞ்சிப் பக்கத்துல, போளூர் பக்கத்துல.

என் மக சமூகப்பணி படிக்கிறா. அவ பாடத்துல மரியன்தால்னு ஒரு ஊரு வந்துச்சு. ஆஸ்திரியா நாட்டுல, வியன்னாவுக்குக் கிட்ட. ஊருக்கே ஒரே ஒரு துணி மில். 1929 முடிஞ்சு 1930 பொறக்கிற நேரத்துல அது மூடிடுச்சு. மரீ யகோடாவும் கூட இருந்தவங்களும் அங்க போய் 478 குடும்பத்தையும் பார்த்து 1933-ல புத்தகம் போட்டாங்க. முக்கால்வாசி வீடுகள்ல ஒருத்தருக்கும் வேலை இல்ல. வேலை இல்லாதவனுக்கு நேரம் நிறைய இருக்கே, நிறையப் படிப்பான்னுதானே நினைப்போம். நூலகத்துல புத்தகம் எடுக்கிறது பாதியாக் குறைஞ்சு போச்சாம். ஆம்பளைங்க தெருவுல நடக்கிற வேகத்தை மறைஞ்சு நின்னு அளந்தாங்களாம். அடிக்கொரு தரம் நின்னு நின்னு நடந்தாங்களாம். பொம்பளைங்க மட்டும் வேகமா நடந்தாங்க, அவங்களுக்கு வீட்டு வேலை நிக்கலையே. கேட்டப்ப பெரியவன் நினைப்பு வந்தது. அவனும் இந்த மூணு மாசமா மெதுவாத்தான் நடக்கிறான்.

ஆனா மரியன்தால்ல மில்லும் தொழிலாளி வீடும் ஒரே ஊருல இருந்தது. அதனால போய்ப் பார்த்து எண்ண முடிஞ்சது. இங்கிலாந்துலயும் அப்படித்தான். அங்க அரசாங்கமே வருஷா வருஷம் யாருக்கும் வேலை இல்லாத வீடு எத்தனைன்னு வட்டாரவாரியா எண்ணிச் சொல்லுது. 16-ல இருந்து 64 வயசுக்குள்ள ஒருத்தராவது இருக்கிற வீட்டுல, வயசு வந்த ஒருத்தருக்கும் வேலை இல்லைன்னா அது அந்தக் கணக்குல வரும். நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு ஆலையும் மூடின வடகிழக்குப் பக்கமும் வேல்ஸும் அதுல அதிகமா இருக்கும். லண்டனுக்குத் தெற்கே, கிழக்கே குறைவு. கான்செட்னு ஒரு ஊருல இரும்பு ஆலை 1980-ல மூடினாங்க. அங்க தொழிலாளி குடும்பத்தோட அதே ஊருல வேர் விட்டிருந்தான். ஆலை போனாலும் வீடு அங்கேயே நின்னுச்சு.

நம்ம ஊருல எண்ணினா சிக்கல் வேற. மக்கள்தொகைக் கணக்குல குடும்பம்னா ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிடுறவங்க. ஒரகடத்துல விடுதியில தங்கி வேலை செய்யற பொண்ணு விடுதிச் சாப்பாட்டுல சாப்பிடுறா. அவ கணக்கு விடுதியோட போயிடும். வல்லம் வடகால்ல 2024 ஆகஸ்ட்ல 706 கோடி ரூபாயில விடுதி திறந்தாங்க, 18,720 பெண்கள் தங்கலாம். அத்தனை பேருக்கும் ஊருல ஒரு வீடு இருக்கு. அந்த வீட்டுல அப்பனும் ஆத்தாவும் சும்மா இருந்தா, கணக்குல அது "யாருக்கும் வேலை இல்லாத வீடு". ஆனா அடுப்பு எரியறது அந்தப் பொண்ணு அனுப்புற பணத்துல. கேரளாவுல வளைகுடாப் பணத்துல நிக்கிற வீடும் இதே கணக்குதான்.

2011 கணக்கெடுப்புல நூத்துக்கு எத்தனை பேர் உழைக்கிறவங்கன்னு பார்த்தா தமிழ்நாட்டுல சுமார் 45, நாடு முழுக்க சுமார் 40, கேரளாவுல சுமார் 35. கேரளாக்காரங்க நம்மை விட ஏழைன்னு யாராவது சொல்வாங்களா? தமிழ்நாட்டுக்குள்ளயே கிராமத்துல 50-ஐ ஒட்டி, பட்டணத்துல 40-ஐ ஒட்டி. கிராமத்து வீட்டுல அதிகம் பேர் உழைக்கிறாங்கன்னா அங்க வேலை கொட்டிக் கிடக்குதுன்னு அர்த்தமில்ல. சும்மா இருக்கவும் கொஞ்சம் வசதி வேணும். எழுபது வயசுக் கிழவி புல்லு அறுத்துக் கட்டுறதும் அந்தக் கணக்குல உழைப்புதான்.

எங்க வீட்டுக்கே ஒரு பரீட்சை வந்துச்சு, 2020-ல. மார்ச் கடைசியில ஊரடங்கு. கம்பெனி இல்ல, கொத்து வேலை இல்ல, நூறு நாள் வேலை இல்ல. லைன் வீட்டுக்காரர் வாடகை கேட்க முடியல. வடநாட்டுப் பசங்க ரோட்டுல நடந்தே கிளம்பினாங்க. அந்த ஏப்ரல் மாசம் எங்க சுத்துப்பட்டுல எந்த வீட்டுலயும் சம்பளம் இல்ல. எங்க ஒரு காணி சொச்சத்துல நவரை நெல்லு அறுப்புக்கு நின்னுச்சு. அந்த நெல்லும் மாட்டுப் பாலும்தான் எங்களையும் பக்கத்து ரெண்டு வீட்டையும் ஓட்டுச்சு. அப்போ யாரும் என்னை "சும்மா கழனிக்குப் போறாரு"ன்னு சொல்லல.

இப்போ அந்த ஒரு காணி மேலதான் வீட்டுல பேச்சு. ரோட்டை ஒட்டி இருக்கு, கேட்கிறவங்க நல்ல விலை சொல்றாங்க. "வித்துட்டு எட்டு ரூம் போடலாம்பா. கம்பெனிக்காரன் எடுத்தாலும் எடுக்காட்டியும் மாசம் பணம் வரும்"னு பெரியவன் சொல்றான். அவனைக் குத்தம் சொல்ல முடியல. மூணு வருஷம் அதே லைன்ல நின்னு, நிரந்தரம் ஆகும்னு நம்பி, ஒரு நாள் நாளையில இருந்து வர வேண்டாம்னு கேட்டவன் அவன். எங்க அம்மாவோ, "2014-ல பூட்டு தொங்கினதை மறந்துட்டியாடா"ன்றாங்க. ரெண்டு பேரு சொல்றதும் எனக்கு நியாயமாத்தான் படுது. நெல்லுல மாசம் எட்டு ரூம் வாடகை கிடைக்காது. அதே நேரம், ரூம் காலியா கிடந்தா சுவத்தைச் சாப்பிட முடியாது.

போகும்போது அந்தக் கணக்கெடுக்க வந்த பொண்ணைக் கூப்பிட்டேன். "அம்மா, இல்லன்னு போட்டதை மாத்து. எனக்கு வேலை விவசாயம், அவளுக்கு மாடு. எங்க அம்மாவுக்கு என்ன இருக்குன்னு பார்த்துப் போடு"ன்னேன். அது திரும்பி உட்கார்ந்து மாத்துச்சு. பெரியவன் பேருக்கு நேரா வந்தப்ப, "வேலை தேடுறாரா, தேடலையா?"ன்னு கேட்டுச்சு. நான் உள்ளே பார்த்தேன். அவனே எழுந்து வெளிய வந்து, "தேடுறேங்க"ன்னு சொன்னான்.

மறுநாள் காலையில மடை திருப்ப என்கூட வந்தான். ரொம்ப நாளைக்கு அப்புறம்.